புதிய கருவியின் பயன்பாட்டு எளிமையை முன்மாதிரி கொண்டு சோதிப்பது: எப்போது, எந்த அளவுக்கு?

புதுக்கருவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு சிறிய குழு. நாள்தோறும் பல வேளை மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டிய முதியவர்களுக்காக ஒரு மருந்துப் பெட்டியை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். குறித்த நேரம் வந்ததும் பெட்டி குரல் கொடுத்து அழைக்கும். அந்த வேளைக்குரிய அறையின் மூடி மட்டும் திறக்கும். மாத்திரையை எடுத்தாரா இல்லையா என்பதை அறைக்கு அடியில் இருக்கும் எடை உணரி கண்டறியும். எடுக்காவிட்டால் சற்று நேரம் கழித்து மீண்டும் நினைவூட்டும். பயனர் விரும்பினால் "எடுத்துவிட்டேன்", "பிறகு நினைவூட்டு" என்று வாயால் பதில் சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், வன்பொருள் முழுமையாக இயங்கும் நிலைக்கு வர இன்னும் பல மாதங்கள் ஆகும். முதல் பெட்டி இயங்கத் தொடங்கிய பிறகே பயனர்களிடம் எடுத்துச் செல்லவேண்டும் என்பது எங்கள் மேலாளரின் கருத்து. "அரைகுறையான பொருளைக் காட்டினால் அரைகுறையான கருத்துதான் கிடைக்கும்" என்கிறார் அவர். எனக்கோ வேறு அச்சம். அந்த நேரத்துக்குள் வார்ப்புக்கான அச்சுகள் தயாராகிவிடும், மின்சுற்றுப் பலகை முடிவாகிவிடும், அதற்குப் பிறகு பயனர் என்ன இடர்ப்பட்டாலும் குரல் வாசகங்களை மாற்றுவதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய முடியாது. இயங்காத முன்மாதிரியை வைத்து உருப்படியாக எதையேனும் அறிய முடியுமா? முடியும் என்றால் அதை எந்த அளவுக்கு உண்மையானது போலச் செய்யவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அட்டையும்பசையும்

உங்கள் மேலாளரின் வாதம், பயனரிடமிருந்து நாம் பெறவேண்டியது கருத்து என்று எடுத்துக்கொள்வதால் வருகிறது. முன்மாதிரியை மேசையில் வைத்து "இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் உங்கள் மனம் நோகாதபடி ஏதாவது நல்லது சொல்லிவிட்டுப் போவார்கள். பொருள் முழுமையாக இயங்கினாலும் அதே பதில்தான் வரும். கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, கண் எதைத் தேடுகிறது என்று பாருங்கள். ஒருவருடைய கை தயங்குவதைக் காண மின்கலமோ நிரலோ தேவையில்லை, அட்டைப் பெட்டியே போதும்.

பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எழுதுகோலாக ஒரு சாப்ஸ்டிக் குச்சியை வைத்துக்கொண்டார். யாராவது ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சந்திக்கலாமா என்று கேட்டால், மரத்துண்டை வெளியே எடுத்துக் குச்சியால் தட்டிப் பார்ப்பது போலச் செய்வார். பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் இந்த அளவுள்ள பொருளை நாள் முழுவதும் சுமக்க மனம் ஒப்புமா, எந்தத் தருணத்தில் அதைத் தேடிக் கை போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த மரத்துண்டு பதில் சொன்னது. எழுத்தைக் கருவி சரியாக அடையாளம் காணுமா என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. அதை வேறு விதமாகத்தான் சோதிக்கவேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டெஃபனி ஹூட், சார்ல்ஸ் ஹில் ஆகிய இருவர் 1997இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு முன்மாதிரி மூன்று வகையான கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்குப் பதில் தேடுகிறது. பயனரின் வாழ்வில் இந்தப் பொருளுக்கு என்ன பங்கு என்பது ஒன்று. பார்க்கவும் தொடவும் அது எப்படி இருக்கும் என்பது இன்னொன்று. தொழில்நுட்ப அளவில் அதைச் செய்ய முடியுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே முன்மாதிரியைக் கொண்டு விடை காண முயல்வதால்தான் பலரும் "முழுமையாக இயங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற இடத்தில் போய் நிற்கிறார்கள்.

உங்கள் பெட்டிக்கு நான் மூன்றையும் தனித்தனியாகவே செய்வேன். பங்கு பற்றிய கேள்விக்கு, சாதாரண அறைகள் கொண்ட ஒரு பெட்டியையும் கைபேசி அலாரத்தையும் சிலருடைய வீட்டில் கொடுத்து வைப்பேன். பெட்டி வீட்டில் எந்த இடத்தில் போய் அமர்கிறது, அங்கிருந்து குரல் கொடுத்தால் அவர் படுக்கும் அறைக்குக் கேட்குமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கைக்கான கேள்விக்கு, நுரைப்பலகையை வெட்டி, உள்ளே எடைக்காக இரும்பு வளையங்களை வைத்து ஒட்டிய ஒரு பெட்டி போதும். எடையை மறந்துவிடாதீர்கள். வெறும் அட்டை மேசையில் வழுக்கிக்கொண்டு போகும். உண்மைப் பெட்டி போகாது. உணரி பற்றிய கேள்விக்குப் பயனரே தேவையில்லை, பலகையும் பொறியாளரும் போதும்.

மின்சுற்று

நண்பர் அட்டையும்பசையும் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மறு பாதியில் எனக்கு ஐயம் இருக்கிறது. நான் வன்பொருள் பக்கம் இருப்பவன். சிறிய மாத்திரை ஒன்றின் எடை 100 மில்லிகிராம் அளவிலேயே இருக்கக்கூடும். அந்த எடை மாற்றத்தை, யாரோ மேசையில் கை ஊன்றும்போதும், பக்கத்தில் மின்விசிறி ஓடும்போதும் பிழையின்றிக் கண்டறிவது எளிதான செயல் இல்லை. எடுத்த மாத்திரையை எடுக்கவில்லை என்று பெட்டி சொல்லும். எடுக்காததை எடுத்ததாகக் கணக்கு வைக்கும். இந்தப் பெட்டி பயன்படுத்த எளிமையாக இருக்குமா என்பது, என் பார்வையில், மூடியின் வடிவத்தைவிட இந்தப் பிழைகளைச் சார்ந்தே அமையும். நுரைப்பலகை ஒருபோதும் பிழை செய்வதில்லை. அதனால்தான் அதை வைத்து நடத்தும் சோதனைகள் எல்லாம் இனிமையாக முடிகின்றன.

வேகமும் அப்படித்தான். கணினி எவ்வளவு விரைவாகப் பதில் தரவேண்டும் என்று ஆராய்ந்த ராபர்ட் மில்லர் 1968இலேயே எழுதி வைத்தது இன்றும் செல்லுபடியாகிறது: பதில் பத்தில் ஒரு நொடிக்குள் வந்தால் உடனே நடந்ததாக மனிதர் உணர்கிறார், ஒரு நொடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் தடைபடுகிறது, பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. பயனர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் உங்கள் பேச்சறி மென்பொருள் இணையத்துக்குப் போய்த் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அட்டைப் பெட்டி எப்படிக் காட்டும்? ஜேம்ஸ் டைசன் என்ற கண்டுபிடிப்பாளர் பையில்லாத் தூசு உறிஞ்சியை முடிப்பதற்கு 5127 முன்மாதிரிகளைச் செய்ததாகச் சொல்வார்கள். அவை ஒவ்வொன்றும் காற்றை உறிஞ்சின. இயங்குகிற பொருளைத்தான் மேம்படுத்த முடியும் என்பது என் கட்சி.

அட்டையும்பசையும்

டைசனின் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது, மின்சுற்று. அந்த முன்மாதிரிகள் தூசியையும் காற்றையும் பிரிக்கும் சுழற்கூம்பின் திறனைக் கூட்டுவதற்காகச் செய்தவை. நான் மேலே சொன்ன மூன்றாவது வகை அது. பயன்படுத்துவோரின் கை தயங்குகிறதா என்று அறிய அத்தனை வேண்டியதில்லை. ஆனால் பிழைகளைப் பற்றி நீங்கள் சொன்னது மெய். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வேறு யாரேனும் சொல்லட்டும்.

திரைமறைவு

அந்தப் பதிலைச் சொல்லவே வந்தேன். இயந்திரத்தின் வேலையை மறைவில் இருக்கும் ஒரு மனிதர் செய்வது என்ற முறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் கூல்டும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் "கேட்கும் தட்டச்சுப்பொறி" ஒன்றைச் சோதித்து வெளியிட்டார்கள். பயனர் பேசுவார், அவர் பேசியது திரையில் எழுத்தாகத் தோன்றும். அன்று அப்படிச் செய்யக்கூடிய கணினி எதுவும் இல்லை. வேறோர் அறையில் அமர்ந்திருந்த தட்டச்சர் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். அதில் முக்கியமான செய்தி என்னவென்றால், அவர்கள் மறைவிலிருந்த மனிதரை முழுத் திறமையோடு இயங்கவிடவில்லை. சில சுற்றுகளில், குறிப்பிட்ட சொற்பட்டியலுக்குள் வராத சொல் திரையில் வராது. சில சுற்றுகளில் பயனர் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்திப் பேசவேண்டும். இல்லாத இயந்திரத்தின் குறைகளையும் சேர்த்தே நடித்தார்கள். எந்தக் குறையை மனிதர் பொறுத்துக்கொள்கிறார், எதைப் பொறுப்பதில்லை என்பது இயந்திரம் பிறப்பதற்கு முன்பே தெரிந்தது.

உங்கள் பெட்டிக்கும் இதையே செய்யலாம். மூடியைத் திறக்க ஒரு சிறு மோட்டாரும் குரலுக்கு ஒரு ஒலிபெருக்கியும் போதும். இரண்டையும் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கேமரா வழியே பார்த்து இயக்குவார். உணரி இருக்கவேண்டியதில்லை. இதில் மின்சுற்று எழுப்பிய கேள்விக்கான இடம் இதுதான்: பிழைகளை நீங்களே திட்டமிட்டுப் புகுத்துங்கள். ஒரு குழுவினருக்கு இருபது முறைக்கு ஒருமுறை தவறாக நினைவூட்டுங்கள், இன்னொரு குழுவினருக்கு ஐந்து முறைக்கு ஒருமுறை. எந்த அளவில் பயனர் பெட்டியை நம்புவதை நிறுத்துகிறார் என்று பாருங்கள். அந்த எண் கையில் கிடைத்தால், உணரி எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும் என்று பொறியாளருக்குச் சொல்லலாம். இப்போது பெரும்பாலான குழுக்களில் அது தலைகீழாக நடக்கிறது. உணரியால் முடிந்த துல்லியம் எதுவோ அதுவே பயனருக்கு வாய்த்தது என்று ஆகிவிடுகிறது. தாமதத்தையும் இப்படியே நடிக்கலாம். மறைவில் இருப்பவர் ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நொடி காத்திருந்தால் போதும்.

செய்யும்போது சில கவனங்கள் தேவை. மறைவில் இருப்பவருக்கு எழுதி வைத்த விதிகள் வேண்டும்: எந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்வது, எதையும் புரிந்துகொள்ளாவிட்டால் என்ன சொல்வது என்று. விதி இல்லையென்றால் அவர் இரக்கப்பட்டு, பயனர் முணுமுணுத்ததைக்கூடப் புரிந்துகொண்டு மூடியைத் திறந்துவிடுவார். எந்த இயந்திரமும் அவ்வளவு அன்பாக நடந்துகொள்ளாது. உண்மையான மருந்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். போலி மாத்திரைகளையும் விழுங்கச் சொல்லாமல் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் மறைவில் ஒருவர் இருந்தார் என்பதைப் பயனரிடம் சொல்லிவிடுவது முறை.

மின்சுற்று

பிழையை வேண்டுமென்றே புகுத்துவது என்ற எண்ணம் எனக்குப் புதிது, ஏற்கத்தக்கதாகவும் இருக்கிறது. "இத்தனை சதவீதத்துக்குள் தவறு இருந்தால் போதும்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் என் வேலை பாதியாகக் குறையும். இதுவரை எனக்கு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். முதல்முறை பார்ப்பவரை வைத்து ஒரு மணி நேரம் நடத்தும் சோதனை, பழகியவரின் பிழைகளைக் காட்டாது. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தில் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் சிலவற்றுக்கு மூல காரணம், இயக்குநர் தரவை உள்ளிட்டுவிட்டு மிக வேகமாகத் திரும்பிச் சென்று திருத்தியபோது மட்டுமே வெளிப்பட்ட மென்பொருள் கோளாறு. புதியவர் மெதுவாகத் தட்டுவார், அவருக்கு அது நேராது. பழகிப்போன கைகளுக்குத்தான் நேர்ந்தது. அதோடு, திரையில் "பிழை 54" என்பது போன்ற, பொருள் விளங்காத எச்சரிக்கைகள் அடிக்கடி வந்ததால், அவற்றைக் கடந்து தொடர்வதும் இயக்குநர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. மருந்துப் பெட்டியும் அதே இனம்தான். மூன்றாவது வாரத்தில் பயனர் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

புதுக்கருவி

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேர் போதும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். முன்மாதிரி பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருந்தால் முதியவர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்களோ என்றும் கவலையாக இருக்கிறது.

தரச்சோதகர்

ஐந்து பேர் என்பதன் கணக்கைப் பார்த்துவிட்டால் அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று விளங்கிவிடும். யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் பல சோதனைகளின் தரவை ஆராய்ந்து, ஒரு பயனரை வைத்துச் சோதித்தால் இருக்கும் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படும் என்று கண்டார்கள். அப்படியானால் ஒவ்வொரு பயனருக்கும் 69 சதவீதம் தப்பிவிடுகிறது, 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.16 வரும், ஆக ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் பிடிபடும். ஆனால் அந்த 31 என்பது சராசரி. எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது. லாரா ஃபாக்னர் 2003இல் அறுபது பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்தைந்து பேராகக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்த்தார். சில ஐவர் குழுக்கள் கிட்டத்தட்ட எல்லாச் சிக்கல்களையும் கண்டுபிடித்தன. சில குழுக்கள் 55 சதவீதத்தை மட்டுமே கண்டன. உங்கள் ஐவர் எந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஆகவே ஐந்து பேரை வைத்துச் சோதித்து, திருத்தி, வேறு ஐந்து பேரை வைத்து மீண்டும் சோதிப்பது நல்ல வழி. ஐந்து பேரை வைத்து "இனி ஆபத்து இல்லை" என்று சான்றளிப்பது தவறான வழி. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 62366 என்ற பன்னாட்டுத் தரநிலையே, வடிவமைக்கும்போது நடத்தும் சோதனையையும் முடிவில் உறுதிசெய்ய நடத்தும் சோதனையையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இறுதிச் சோதனையில் ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேர் இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் பெட்டி மருத்துவக் கருவியாகக் கருதப்படுமா என்பது நீங்கள் விற்கப்போகும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. அதை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

பயனர் பிரிவு என்றேன். பெட்டியிலிருந்து மாத்திரையை எடுப்பவர் ஒருவர், வாரத்துக்கு ஒருமுறை அதை நிரப்புகிறவர் வேறொருவராக இருக்கலாம். தவறான அறையில் தவறான மாத்திரை போவது நிரப்பும்போதுதான். உங்கள் முதல் பதிவில் நிரப்புகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அட்டையும்பசையும்

கரடுமுரடாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ராபர்ட் விர்சியும் உடன் ஆய்ந்தவர்களும் 1996இல் ஒரே பொருளின் எளிய முன்மாதிரியையும் உண்மைக்கு நெருக்கமான முன்மாதிரியையும் ஒப்பிட்டபோது, இரண்டிலும் ஏறத்தாழ ஒரே சிக்கல்கள்தான் பிடிபட்டன. மேலும், பளபளப்பான பொருளைக் குறை சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள். பசை வழியும் அட்டையை ஒருவர் தாராளமாகக் குறை சொல்வார்.

ஒரே ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள் என்பதும் என் பரிந்துரை. மர்யம் தோஹிதி, பில் பக்ஸ்டன் முதலானோர் 2006இல் நடத்திய ஆய்வில், ஒரே ஒரு வடிவத்தைப் பார்த்தவர்கள் அதற்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். அதே வடிவத்தை வேறு இரண்டோடு சேர்த்துப் பார்த்தவர்கள் குறைந்த மதிப்பெண் கொடுத்து, குறைகளையும் கூடுதலாகச் சொன்னார்கள். ஒப்பிட வேறொன்று இருந்தால்தான் மரியாதை விலகி மதிப்பீடு வருகிறது.

பெல் ஆய்வகத்தில் பொத்தான் தொலைபேசியை வடிவமைத்தபோதும் இப்படியே நடந்தது. எண்களை வட்டமாக, இரண்டு வரிசையாக, வளைவாக என்று பல விதங்களில் அடுக்கி, பயனர்களிடம் கொடுத்து, வேகத்தையும் பிழைகளையும் அளந்தார்கள். அந்த ஆய்வு 1960இல் வெளியானது, பொத்தான் தொலைபேசி 1963இல் விற்பனைக்கு வந்தது. கணக்குப்பொறியில் 1, 2, 3 கீழே இருக்க, இன்று நம் கைபேசியில் அவை மேல் வரிசையில் இருப்பதற்குக் காரணம், தொலைபேசிக்காரர்கள் கணக்குப்பொறியைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பார்த்ததே.

விரல்நுனி

நான் பார்வைக் குறைபாடு உள்ளவன். புதிய கருவிகளைச் சோதிக்க அவ்வப்போது என்னை அழைப்பார்கள். அட்டை, நுரைப்பலகை போன்ற எளிய முன்மாதிரிகளைப் பற்றி இங்கே பலரும் உயர்வாகப் பேசுவதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். திரைகளைக் காகிதத்தில் வரைந்து என் முன்னால் வைத்தால் என்னைப் பொறுத்தவரை அது வெற்றுத் தாள். படங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கணினியில் செய்யும் முன்மாதிரிகளும் பல நேரங்களில் அப்படித்தான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. பிறகு, "உங்களைப் போன்றவர்களுக்கான சோதனையை இறுதிக் கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். இறுதிக் கட்டத்தில் எதையும் மாற்ற முடியாது என்று இழையைத் தொடங்கியவரே சொல்லியிருக்கிறார்.

உங்கள் பெட்டியைப் பயன்படுத்தப்போகும் முதியவர்களில் பலருக்குக் கண் மங்கலாகவே இருக்கும். ஆகவே நுரைப்பலகைப் பெட்டியில் நிறத்தையும் எழுத்தையும் விட்டுவிட்டு, முதலில் விரலுக்கு எது தெரிகிறது என்பதைச் செய்யுங்கள். எந்த அறை திறந்திருக்கிறது என்பதை விளக்கு மட்டுமே காட்டினால் எனக்குப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானத்தில் இறக்கை மடிப்பை இயக்கும் விசையும் சக்கரத்தை இயக்கும் விசையும் அருகருகே ஒரே மாதிரி இருந்தன. தரையிறங்கிய பின் விமானிகள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற உளவியலாளர், ஒரு விசையில் சிறு சக்கர வடிவத்தையும் இன்னொன்றில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். கண்ணால் பார்க்காமலே கை அடையாளம் கண்டுகொண்டது. அந்த வடிவங்கள் இன்றும் விமான விதிகளில் இருக்கின்றன. உங்கள் காலை அறைக்கும் இரவு அறைக்கும் விரலுக்குத் தெரியும் வேறுபாடு ஏதாவது இருக்கிறதா?

புதுக்கருவி

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மேலாளரை இணங்கவைத்து, நுரைப்பலகைப் பெட்டியும் மறைவில் ஒருவரும் என்ற முறையில் முதல் சுற்றை நடத்தினோம். மூடியில் மூன்று வடிவங்கள், குரலில் ஒரே வடிவம். கண்டவற்றுள் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நாங்கள் எதிர்பாராதது. மூடி திறந்தது, ஒலி கேட்டது, முதியவர் அறைக்குள் ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் விட்டார். மாத்திரை மூலையில் ஒதுங்கியிருந்தது. விரல் நுனியால் அதைச் சுவரோரமாகத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு கீழே போனது. பிறகு ஒன்றும் பேசாமல் பெட்டி முழுவதையும் இரண்டு கைகளாலும் தூக்கி, உள்ளங்கையில் கவிழ்த்தார். அவர் மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லோரும் விரைவிலோ தாமதமாகவோ இதையே செய்தார்கள். பெட்டியைக் கவிழ்க்கும் பழக்கம் இருக்குமானால் அடியில் எடை உணரி வைப்பதில் பொருளே இல்லை. அதைச் சரிப்படுத்தவே எங்கள் பொறியாளர்கள் இத்தனை மாதம் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, "எடுத்துவிட்டேன்" என்று யாருமே சொல்லவில்லை. "ஆச்சு", "சரி சரி", "ம்" என்றுதான் சொன்னார்கள். ஒருவர் பெட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். மறைவில் இருந்தவர் விதிப்படி "புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று ஒலிக்கச் செய்தபோது அவர்களுடைய முகத்தில் தோன்றிய எரிச்சல், எங்கள் பேச்சறி மென்பொருளின் சொற்பட்டியலை முழுவதுமாக மாற்றி எழுதவைத்துவிட்டது.

மூன்றாவது, திட்டமிட்ட பிழைகள். தவறான நினைவூட்டல் அடிக்கடி வந்த குழுவினர் எங்களிடம் கோபப்படவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. சற்று நேரத்திலேயே அவர்கள் பெட்டி பேசத் தொடங்கியதும் அறையைப் பார்க்காமலே "ஆச்சு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். உண்மையிலேயே எடுக்காத வேளைக்கும் அதே பதில்தான். மின்சுற்று சொன்ன தெராக்-25 இயக்குநர்களின் நிலை நினைவுக்கு வந்தது. பிழை அரிதாக வந்த குழுவில் இது தென்படவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இன்னொரு சுற்று நடத்தி, எந்த எண்ணைப் பொறியாளர்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யவிருக்கிறோம்.

நிரப்புகிறவர்களை வைத்து நடத்திய சோதனை தனிக் கதை, அதற்கு வேறோர் இழை வேண்டியிருக்கும். இப்போதைக்கு, அறைகளை நிலையாக வைக்காமல் ஒவ்வொரு அறையையும் வெளியே எடுக்கக்கூடிய சிறு கிண்ணமாக மாற்றலாமா என்று யோசிக்கிறோம்.

மின்சுற்று

கிண்ணமாக மாற்றினால் என் பக்கத்திலும் சுமை குறைகிறது. மாத்திரையின் எடை மாறியதா என்று பார்க்கத் தேவையில்லை; கிண்ணம் திரும்பி வந்ததா, வந்தது வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வெறுங்கிண்ணத்தின் எடை நமக்கு முன்பே தெரியும். ஆனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அங்கேயே வைத்துவிட்டால் பெட்டி என்ன சொல்லும்? அடுத்த சுற்றில் பயனரை ஒரே நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். தண்ணீர் வேறோர் அறையில் இருக்கட்டும்.

விரல்நுனி

கிண்ணம் ஒரே ஒரு விதமாக மட்டுமே பெட்டிக்குள் பொருந்தும்படி செய்யுங்கள்; தலைகீழாகவோ, இடம் மாறியோ போகக்கூடாது. காலைக் கிண்ணத்தின் விளிம்பு வட்டமாகவும் இரவுக் கிண்ணத்தின் விளிம்பு சதுரமாகவும் இருந்தால், இடம் மாறிப் போவதை அது தடுத்துவிடும். சோதனைக்கு நான் வரத் தயார்.

புதுக்கருவி

வட்டம், சதுரம் இரண்டையும் இந்த வாரமே நுரைப்பலகையில் வெட்டிவிடுகிறோம். தண்ணீர்க் குவளையையும் பக்கத்து அறைக்கு மாற்றிவிடுகிறோம். விரல்நுனி அவர்களே, தனிமடலில் தொடர்புகொள்கிறேன்.